கிரஷர் மூடியும் நைலான் முடிச்சும்

அந்த வருஷங்களில் என் கட்டிங் பிளையர் வெட்டியதில் பாதி ஒயர், பாதி நைலான் நூல். ஒயர் என் பிழைப்பு. நூல் என் அண்ணன் செய்த வேலை. பழவேற்காட்டில் ஏரியை ஒட்டி இருந்த ஒரு ஐஸ் கம்பெனியில் நான் எலக்ட்ரீஷியன். அதே கம்பெனியில் அண்ணன் ஐஸ் உடைக்கும் கிரஷர் ஓட்டினார். காலையில் அவர் ஒரு முடிச்சுப் போடுவார். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் முன் நான் அதை வெட்டி எறிவேன். மறுநாள் அது அதே இடத்தில் மறுபடி முளைத்திருக்கும். இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

முடிச்சு விழுந்த இடம் ஒரு லிமிட் சுவிட்ச். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. அதிலிருந்து ஒரு சின்ன லீவர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதன் நுனியில் ஒரு ரோலர். ஏதாவது வந்து லீவரைத் தள்ளினால் உள்ளே மின்சாரம் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். அவ்வளவுதான் அதன் சமாச்சாரம். எங்கள் கிரஷரில் மூடி மூடியிருக்கும்வரை லீவர் அழுந்தியிருக்கும், மோட்டார் ஓடும். மூடியைத் திறந்தால் லீவர் விடுபட்டு மோட்டார் நின்றுவிடும்.

ஏன் நிற்க வேண்டும் என்றால், மூடிக்குக் கீழே இரும்புப் பல் வைத்த உருளை ஒன்று சுற்றுகிறது. மேலே ஐஸ் பாரைத் தள்ளினால் கீழே தூளாகக் கொட்டும். சில நேரம் பார் குறுக்கே சிக்கிக்கொள்ளும். அப்போது மூடியைத் திறந்து சவுக்குக் கழியால் இடித்துவிட வேண்டும். கழி கைக்கு எட்டாத அவசரத்தில் கையே உள்ளே போகும். அந்தப் பற்களுக்கு ஐஸ் எது, எலும்பு எது என்று தெரியாது. இந்த ஒரு காரணத்துக்காகத்தான் அந்தச் சுவிட்ச். அதைத்தான் அண்ணன் நைலான் நூலால் இழுத்துக் கட்டிவிடுவார். கட்டிவிட்டால் மூடி திறந்து கிடந்தாலும் மோட்டார் பாட்டுக்கு ஓடும்.

கிரஷர் எங்களுக்குப் பழசாக வந்தது. வரும்போது மூடியில் சுவிட்ச் கிடையாது. அது இருந்த இடத்தில் துளைகள் மட்டும் இருந்தன. யார் கழற்றினார்கள், ஏன் கழற்றினார்கள் என்று விற்றவன் சொல்லவில்லை. முதலாளியும் கேட்கவில்லை. அண்ணன் அந்த மெஷினில் நிற்கப் போகிறார் என்று தெரிந்த அன்றே நான் அந்தத் துளைகளில் ஒரு சுவிட்சை மாட்டினேன். மாட்டினேன் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். எந்தச் சுவிட்சை மாட்டுவது என்பதிலேயே என் வயசில் ஒரு பகுதி போயிற்று.

வெளியூர் ஆட்களுக்கு இது விளங்காது. ஒரு சுவிட்ச் என்றால் வாங்கி மாட்டினால் தீர்ந்தது என்று நினைப்பார்கள். எங்கள் பக்கம் கதை வேறு. பொன்னேரி ரோட்டில் இருந்த ஒரு அரிசி மில்லுக்கும் நான் வேலைக்குப் போவேன். அங்கே எதிரி தவிட்டுத் தூள். மாவு மாதிரி பறந்து வந்து, அழுத்துகிற பித்தான் உள்ளே போகிற சந்தில் அடைத்துக்கொள்ளும். அதற்கு ரப்பர் குல்லா போட்ட சுவிட்ச் போதும், பல வருஷம் ஓடும். ஏரிக்கரையில் ஒரு இறால் பண்ணையின் தண்ணீர் ஷட்டரில் மேலேயும் கீழேயும் சுவிட்ச் வைக்க வேண்டியிருந்தது. அங்கே எதிரி சேறும், ஒட்டிக்கொண்டு வளரும் சிப்பியும். எவ்வளவு விலை போட்டு வாங்கினாலும் தண்ணீருக்குள் வைத்தால் சிப்பி ஜெயித்துவிடும். ஷட்டரின் தண்டோடு ஒரு கம்பியை மேலே இழுத்து, சுவிட்சைத் தண்ணீருக்கு வெளியே கரைமேல் வைத்த பிறகுதான் பண்ணைக்காரர் எனக்குப் போன் செய்வதை நிறுத்தினார்.

ஐஸ் கம்பெனிக்குள்ளேயே இரண்டு விதம். உப்புத்தண்ணீர்த் தொட்டியின் மேலே ஐஸ் கேன்களைத் தூக்கும் ஹாய்ஸ்டுக்கு ஒன்று. சங்கிலி மேலே வந்து உத்தரத்தில் முட்டும் முன் நிறுத்துவது அதன் வேலை. அங்கே குளிரும் சொட்டும் உப்புத்தண்ணீரும். ஒயரை மேலிருந்து உள்ளே கொண்டுபோனால் ஒயரைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். கீழிருந்து ஏற்றி, ஒயரைக் கொஞ்சம் தொங்கவிட்டால் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிப் போகும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு சுவிட்ச் செத்தது.

இன்னொன்று கிரஷர். அதற்கு எல்லாமே எதிரி. தண்ணீர், உப்பு, ஐஸ் துண்டு வந்து மோதும் அடி, மீன் பெட்டிகளோடு வரும் மணல், அதற்கு மேலே என் அண்ணன்.

பாரிமுனையில் நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரர் கேள்வி கேட்டே ஆளைக் கொல்வார். பழவேற்காட்டில் பஸ் ஏறி, பொன்னேரியில் ரயிலைப் பிடித்து, வேர்த்து வழிந்து அவர் முன் போய் நின்றால் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கமாட்டார்.

"தூசியா, தண்ணியா, எண்ணெயா, சூடா?"

"சூட்டத் தவுர எல்லாம்."

"எல்லாத்துக்கும் சேத்து ஒண்ணு கெடையாது சார். எது முக்கியம்னு நீங்கதான் சொல்லணும்."

எது முக்கியம் என்று எனக்குத் தெரிந்தால் நான் ஏன் அந்த வெயிலில் அவ்வளவு தூரம் வருகிறேன்? முதலில் பிளாஸ்டிக் பெட்டி வாங்கினேன், உப்பு அதைத் தின்னாது என்று. ஐஸ் பார் ஒன்று சறுக்கி வந்து இடித்ததில் அது முட்டை ஓடு மாதிரி விரிந்துவிட்டது. அடுத்து அலுமினியப் பெட்டி. அடி தாங்கியது, ஆனால் உப்புக் காற்றில் மேலெல்லாம் வெள்ளையாகப் பூத்து, திருகுகள் துருவேறி, திறக்க முடியாமல் போயிற்று. திரும்பி வரும்போதெல்லாம் பஸ் டச்சுக்காரன் கல்லறையைத் தாண்டித்தான் நிற்கும். உள்ளே அந்தக் கற்களில் செதுக்கிய எழுத்து முந்நூறு வருஷத்துக்கு மேலாகியும் இன்னும் அப்படியே நிற்கிறது. அதே உப்புக் காற்றுதான். என் சுவிட்ச் ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதில்லை. கல்லில் லிமிட் சுவிட்ச் செய்து தருகிற டச்சுக்காரன் எவனாவது இருந்தானா என்று எரிச்சலோடு நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவது நல்ல சுவிட்ச். கனமான பெட்டி, மேலே வார்னிஷ் மாதிரிப் பூச்சு, துருப்பிடிக்காத லீவர், தண்ணீர் புகாத ரப்பர் வளையம். இது நிற்கும் என்று நம்பினேன். ஒரு மாசத்தில் லீவர் கஞ்சிக்குள் அசைவதுபோல் அசைந்தது. மூடியைத் திறந்தால் உடனே திரும்பாமல், யோசித்து யோசித்துத் திரும்பியது. சுவிட்சே இல்லாத மெஷினைவிட இப்படிப்பட்ட சுவிட்ச் ஆபத்து, ஏனென்றால் அதை நம்பிக் கையை வைப்பார்கள். கழற்றிப் பார்த்தால் ஒரே நாற்றம். மீன் எண்ணெய். உப்பு அரிக்காமல் இருக்கப் படகுக்குப் பூசுகிற எண்ணெயை அண்ணன் சுவிட்சுக்கும் பூசியிருக்கிறார். ஒரு நாள் இல்லை, தினமும். ரப்பர் வளையம் அதைக் குடித்துக் குடித்து உப்பிவிட்டது. எண்ணெயில் மணல் ஒட்டிக் களிம்பாகிவிட்டது. கம்பெனிப் பூனைகள் வேறு வந்து அதை நக்கிவிட்டுப் போயிருந்தன.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் அவரைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் நைனா போன பிறகு வீட்டில் அண்ணன்தான் நைனா மாதிரி. அவர் முகத்துக்கு நேரே தப்பு என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. சொல்ல வேண்டியதை அண்ணி மூலமாகச் சொல்வோம். அண்ணி தினமும் காலையில் ஐஸ் வாங்கிக் கூடையில் மீனோடு போட்டுப் பொன்னேரிக்குக் கொண்டுபோய் விற்பவள். ஐஸுக்காக நிற்கும்போது அவளைப் பிடித்தேன்.

"அண்ணி, அது படகு இல்ல. அதுக்கு எண்ண தேக்க வாணானு சொல்லு."

"நல்லதுக்குத்தான் தம்பி தேச்சாரு. உப்புல போயிடப் போவுதுனு. நீ கஷ்டப்பட்டு வாங்கியாந்ததாம்."

அதைக் கேட்டதும் என் கோபத்துக்குப் போக இடமில்லாமல் போயிற்று. எண்ணெய் நின்றது. அதற்குப் பதிலாக நைலான் நூல் வந்தது.

நான் புதிதாக மாட்டிய சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்தது. மூடியைத் திறந்தால் கறாராக மோட்டாரை நிறுத்தியது. அதுதான் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. காலையில் படகுகள் கரைக்கு வரும் நேரம் ஐஸ் கம்பெனி வாசலில் ஆள் நெரிசல் தாங்காது. பெட்டியோடு ஆண்கள், கூடையோடு பெண்கள், ஆளாளுக்குக் கத்துவார்கள். பார் சிக்கும்போதெல்லாம் மோட்டார் நிற்கும். மூடியை மூடியதும் தானாக ஓடாது, பச்சைப் பட்டனை அழுத்த வேண்டும். தானாக ஓடும்படி வைப்பது கொலைகாரன் வேலை. அந்தப் பட்டன் எதிர்ச்சுவரில், பேனலில் இருந்தது. பேனலில் தண்ணீர் படக்கூடாது என்பதால் ஈரம் எட்டாத சுவராகப் பார்த்து நான்தான் வைத்தேன். படித்த எவனும் அங்கேதான் வைப்பான்.

அந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. வலை பிடித்து வளர்ந்தவன் நனைந்த நைலானில் போடும் முடிச்சு, இறுக இறுக உள்ளேயே போகும். நானும் அதே குப்பத்தில் பிறந்தவன்தான். ஆனால் சின்ன வயசிலேயே ஐ.டி.ஐ.க்கு அனுப்பிவிட்டதால் என் விரலுக்கு அந்தப் பாடம் வரவில்லை. பிளையரால் வெட்டுவேன். மறுநாள் புது நூல். அண்ணியிடம் சொல்லிப் பார்த்தேன்.

"நீயாச்சும் சொல்லு அண்ணி. கையி போனா மொளைக்குமா?"

"சொல்லாம இருப்பனா? 'அவன் வேலய அவன் பாக்கட்டும், என் வேலய நான் பாக்கறேன்'னு கெளம்பிடறாரு. ராவுல எனக்குத் தூக்கமே இல்ல தம்பி. கனவுல கூட அந்த மிசினுதான் ஓடுது."

முதலாளியிடமும் போனேன். அவர் டவுனில் பழைய வியாபாரக் குடும்பத்துக்காரர், எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கெட்ட மனிதர் இல்லை. தலையைச் சொறிந்தார்.

"இன்னாப்பா நீ, சுச்சு சுச்சுனு ஒரே பேஜாரா கீது. மிசினும் நிக்கக் கூடாது, எவன் கையும் போவக் கூடாது. எனக்கு ரெண்டும் வோணும். அண்ணனும் தம்பியும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க."

பேச முடிந்தால் நான் ஏன் பாயிடம் போகிறேன்? பேச முடியாததால் மறுபடியும் ரயில் ஏறினேன். இந்த முறை கடைக்காரர் தூசியா தண்ணியா என்று ஆரம்பிக்கும் முன்பே சொன்னேன்.

"கட்ட முடியாத சுவிட்ச் வேணும்."

"எதால கட்ட முடியாம?"

"நூலால."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அவர் வைத்திருந்த கேட்டலாக்கில் தூசிக்கு ஒரு கட்டம், தண்ணீருக்கு ஒரு கட்டம், அதிர்ச்சிக்கு ஒரு கட்டம் இருந்தது. அண்ணனுக்குக் கட்டம் இல்லை. கொஞ்சம் தேடிவிட்டு வேறு ஜாதிச் சுவிட்ச் ஒன்றை எடுத்து வைத்தார். லீவரே கிடையாது. பெட்டியில் ஒரு சந்து. மூடியில் தனியாக மாட்டிய ஒரு இரும்பு நாக்கு அந்தச் சந்துக்குள் போனால்தான் மோட்டார் ஓடும். லீவர் இல்லாததை எப்படிக் கட்டுவது? வாங்கிக்கொண்டு வரும்போது ரயிலில் நான் ரொம்ப நாளைக்குப் பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன்.

அது கொஞ்ச நாள் ஓடியது. அண்ணன் சுவிட்சைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், நூலுக்குப் பிடி கிடைக்கவில்லை. ஆனால் ஐஸ் தூள் அந்தச் சந்தில் போய் உட்கார்ந்தது. உருகியது, உப்பு தங்கியது, காய்ந்தது, மறுபடி ஐஸ் உட்கார்ந்தது. ஒரு நாள் காலை படகெல்லாம் வந்து நிற்கும் நேரத்தில் நாக்கு உள்ளே போகவில்லை. நான் ஸ்க்ரூ டிரைவரால் உப்பைச் சுரண்டிக்கொண்டிருக்க, வாசலில் மீன்காரப் பெண்கள் என் வம்சத்தையே இழுத்தார்கள். "கரண்டு படிச்ச கையி, ஐஸு ஒடைக்கத் தெரில" என்று ஒருத்தி சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது. சுவிட்ச் வாங்கும்போது உபரியாக ஒரு நாக்கு கொடுத்திருந்தார்கள். அதைப் பேனல் பெட்டிக்குள் வைத்திருந்தேன். ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்தால் அந்த உபரி நாக்கு சந்துக்குள் செருகி இருந்தது. வெளியே வராமல் இருக்க நைலான் நூலால் கட்டி, பழக்கமான அதே முடிச்சு. மூடியில் இருந்த நாக்கைக் காணவே காணோம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பதா, போய்ச் சண்டை போடுவதா என்று தெரியவில்லை.

காந்தச் சுவிட்ச் என்று ஒன்று இருப்பதாகக் கடைக்காரர் போனில் சொன்னார். அசைகிற பாகமே இல்லை, உப்பு புக வழியில்லை, மூடியில் ஒரு காந்தம் வைத்தால் போதும் என்றார். குப்பத்தில் உடைந்த ஸ்பீக்கர் இல்லாத வீடு ஏது? ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கொண்டுவந்து ஒட்ட அண்ணனுக்கு அரை நாள் ஆகாது. வேண்டாம் என்றேன். உப்பைத் தாங்குகிற சுவிட்ச் நூலைத் தாங்குவதில்லை. நூலைத் தாங்குகிற சுவிட்ச் உப்பைத் தாங்குவதில்லை. மறுபடி பழைய ரோலர் சுவிட்சையே மாட்டினேன். அவர் கட்டினார், நான் வெட்டினேன். தலையெழுத்து என்று விட்டுவிடுகிற அளவுக்கு எனக்குக் களைப்பு வந்துவிட்டது. தினமும் அந்த நூலை வெட்டும்போது ஒரு நிமிஷம் அண்ணனின் வலது கை கண்ணில் வந்து போகும், அதுதான் தாங்காது.

ஒரு வாரம் இறால் பண்ணையில் ஷட்டர் மோட்டார் வேலை. கம்பெனிக்குக் காலையில் தலையைக் காட்டிவிட்டுப் பண்ணைக்கு ஓடிவிடுவேன். வெட்டப் போகவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்டி வெட்டி அலுத்தும் போயிருந்தது.

அந்த வாரத்தில் அண்ணன் காய்ச்சலில் படுத்துவிட்டார். சீசன் நேரம், கிரஷருக்கு ஆள் இல்லை. ரெண்டு நாள் ஆள் வராவிட்டால் பாய் வேறு ஒருவரை நிரந்தரமாகப் போட்டுவிடுவார் என்று அண்ணிக்குப் பயம். "நான் நிக்கறேன். தினம் பாக்கற மிசினுதானே" என்று அவளே காலையில் வந்துவிட்டாள். பாயும் சரி என்றார். அன்று பண்ணைக்குப் போகாமல் நான் பேனல் பக்கம் ஹாய்ஸ்டுக்கு ஒயர் மாட்டிக்கொண்டிருந்தேன். மோட்டாரை இன்னும் போடவில்லை.

அப்போது வாசலில் அண்ணன் வந்து நின்றார். தலையில் துண்டு, மேலே கம்பளி, கண் சிவந்து உள்ளே போயிருந்தது. வீடு இருக்கும் கோட்டைக்குப்பத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார். அண்ணியின் கூடையிலிருந்து மீன் வெட்டும் கத்தியை எடுத்தார். கிரஷர் பக்கம் போய்க் குனிந்தார். அவர் போட்ட முடிச்சை அவரே அறுத்தார். நூலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் பார்க்காமலே, "பட்டனப் போடு" என்றார். போட்டேன். மோட்டார் ஓடியதும் மூடியைத் தூக்கினார். நின்றது. மூடினார், மறுபடி போடச் சொன்னார், மறுபடி தூக்கினார். நின்றது. லீவரை விரலால் தள்ளித் தள்ளி, அது விறைப்பாகத் திரும்புகிறதா என்று பார்த்தார்.

அப்புறம் அண்ணியிடம் சொன்னார்.

"மூடியத் தொறந்தா தானா நிக்கும். நின்னுச்சானு கண்ணால பாரு. பாத்துட்டு கழியால இடி. கைய வெக்காத. எவ இன்னா கத்துனாலும் கத்தட்டும், நீ மெதுவா பண்ணு. இன்னா புரிதா?"

அண்ணி மூலமாக நான் இத்தனை நாள் அவருக்குச் சொல்லியனுப்பிய அதே வார்த்தைகள். ஒன்றுகூட விடாமல் அவர் மனசில் இருந்திருக்கிறது. சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார். அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் கட்டியிருக்கிறார். அன்று பகல் முழுக்க எனக்குக் கை ஓடவில்லை. அண்ணி ஒவ்வொரு தடவை மூடியைத் திறக்கும்போதும் மோட்டார் நின்றது. ஒவ்வொரு தடவை நின்றபோதும், இது அவருக்காக ஏன் நிற்கவில்லை என்று நினைத்தேன்.

சாயங்காலம் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி அடுப்பில் கஞ்சி வைத்திருந்தாள். அவர் பாயில் படுத்திருந்தார். காய்ச்சல் எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் முகத்துக்கு நேரே சத்தம் போட்டேன்.

"அண்ணி கையி மட்டுந்தான் கையாண்ணா?"

அவர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"அவளுக்குப் பழக்கம் இல்லடா. எனக்குப் பழகிப்போச்சு. அப்பிடியே போனாலும் என் கைதானே."

"உன் கையினு யாரு சொன்னது?"

அடுப்பண்டை அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். "நல்லாக் கேளு தம்பி. நான் கேட்டா வள்ளுனு வுழறாரு" என்றாள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வெளியே போய் நின்றாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும். கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் எழுந்து போய்ப் பானையை இறக்கி வைத்துவிட்டு வந்தேன்.

ஏதோ ஊர் சமாச்சாரம் சொல்வதுபோல அவர் சொன்னார்.

"பச்ச பட்டனு ரொம்ப தூரத்துல கீதுடா. ஒவ்வொரு தபாவும் நடக்க முடில. முட்டி ஒத்துக்க மாட்டேங்குது."

முகத்துவாரத்தில் ஒரு தடவை இரண்டு ஃபைபர் படகுகள் மோதியபோது அவர் முழங்கால் நடுவில் சிக்கியது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் கடலுக்குப் போவதை நிறுத்தினார். ஏன் என்று கேட்டவர்களிடம் சலித்துப்போச்சு என்றார். நாங்களும் நம்பினோம். எங்கள் ஆட்கள் வலி என்று சொல்லமாட்டார்கள். படகில் வலிக்கிறது என்று வாயைத் திறந்தவனுக்கு மறுநாள் படகில் இடம் இருக்காது, வேறு ஆள் ஏறிவிடுவான். அந்தப் பழக்கத்தைக் கரைக்கும் கொண்டுவந்துவிட்டார். வழுக்குகிற ஐஸ் தரையில், பார் சிக்கும்போதெல்லாம் எதிர்ச்சுவர் வரை போய்த் திரும்பி வர அந்த முழங்கால் என்ன பாடு பட்டிருக்கும்? நான் உப்பைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்த்தேன், எண்ணெயைப் பார்த்தேன். அவர் அவசரக்காரர் என்று முடிவுகட்டி அவசரத்துக்கும் ஒரு சுவிட்ச் தேடினேன். அவர் நடையை ஒரு நாளும் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவிடவில்லை.

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னாண்ணா?"

"சொன்னா பாய் வேற ஆளப் போட்டுடுவாருனு…" என்று இழுத்தார். அண்ணி உள்ளே வந்து மூன்று பேருக்கும் கஞ்சி ஊற்றினாள்.

மறுநாள் மத்தியானம் கிரஷர் ஓய்ந்திருந்த நேரம் பட்டனை மாற்றினேன். தண்ணீர் புகாத சின்னப் பெட்டி, மேலே ரப்பர் தொப்பி, ஒயர் கீழிருந்து. அண்ணன் நிற்கும் இடத்தில், ஒரு எட்டுகூட வைக்காமல் கை நீட்டினால் எட்டும் தூரத்தில். மூடி திறந்திருந்தால் அதை எவ்வளவு அழுத்தினாலும் மோட்டார் ஓடாது. உட்கார ஒரு உயரமான ஸ்டூலும் கொண்டுவந்து போட்டேன். ஸ்டூல் எதற்கு என்று பாய் கேட்டார். கிரஷருக்கு வேண்டும் என்றேன். அவரும் மேலே கேட்காமல் போய்விட்டார்.

காய்ச்சல் விட்டு அண்ணன் வேலைக்கு வந்தார். பட்டனைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் பிளையரோடு போனேன். நூல் இல்லை. மறுநாளும் இல்லை. இல்லாவிட்டாலும் தினமும் கிளம்பும் முன் போய்ப் பார்க்கும் பழக்கம் என்னை விடவில்லை. கை லீவரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கால் வீட்டுக்கு நகரும்.

மழைக்காலம் ஆரம்பிக்கும் சமயம் ஒரு சாயங்காலம் அப்படிப் போனபோது சுவிட்சில் நைலான் நூல் தெரிந்தது. அந்த முடிச்சு எனக்குத் தெரியாதா? பிளையரை எடுத்துக்கொண்டு கிட்டத்தில் குனிந்தேன். சைக்கிள் டியூபை வெட்டிப் பெட்டிக்குப் பாவாடை மாதிரிச் சுற்றி, தண்ணீர் தெறிக்காமல் இருக்கக் கட்டியிருந்தார். லீவரில் நூல் படவே இல்லை. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். லீவர் டக்கென்று வெளியே வந்தது.

அதுவும் தப்புதான். டியூபுக்குள் தண்ணீர் போனால் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே வேர்த்து, பெட்டி சீக்கிரம் அரித்துப்போகும். டியூபின் அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை போட்டேன். முடிச்சை வெட்டவில்லை.